கணினி கேள்வி-பதில்: இடம் இருக்கிறது, ஆனால் சி டிரைவோடு சேரவில்லை

இந்த இதழுக்கு பார்ட்டிஷன், அதாவது ஒரு டிஸ்க்கைப் பல டிரைவ்களாகப் பிரிப்பது, பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இதில் ஒருவருக்குச் சொல்லும் பதில் அடுத்தவருக்கும் பாதி பொருந்தும். பதிலுக்குப் போகும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். பார்ட்டிஷன் அளவில் கை வைப்பதற்கு முன்னால் உங்கள் ஃபைல்கள் வேறொரு டிஸ்க்கில், கழற்றித் தனியாக எடுத்து வைக்கக்கூடிய ஒரு டிஸ்க்கில், இருக்க வேண்டும். 'சி டிரைவை மாற்றப்போகிறேன், அதனால் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டேன்' என்று சிலர் எழுதுகிறார்கள். சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். கரண்ட் போய் டிஸ்க் குழம்பினால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

கேள்வி: ஐயா, என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தது. 1 டிபி வாங்கி, க்ளோனிங் சாஃப்ட்வேர் வைத்து எல்லாவற்றையும் அப்படியே மாற்றினேன். விண்டோஸ் நன்றாக பூட் ஆகிறது. ஆனால் சி டிரைவ் இன்னமும் 237 ஜிபிதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 693 ஜிபி கறுப்புப் பட்டையாகச் சும்மா கிடக்கிறது, சி மேல் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாக இருக்கிறது. புது எஸ்எஸ்டியில் கோளாறா? (கல்லூரி மாணவர், கரூர்)

பதில்: எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தை இடமிருந்து வலமாக இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். முதலில் பூட் ஆக உதவும் 100 எம்பி அளவிலான இஎஃப்ஐ, அப்புறம் சி, அதற்கு அடுத்து 600, 700 எம்பியில் சின்னதாக, விண்டோஸைப் பழுது பார்க்க உதவும் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன், அதற்கும் பிறகுதான் அந்தக் கறுப்புப் பட்டை. விண்டோஸ் ஒரு டிரைவை அதன் வலது பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் காலி இடத்துக்குள் மட்டும்தான் நீட்டும். வரப்பை வெட்டி இரண்டு வயலை ஒன்றாக்க வேண்டுமானால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் வேறு நிலம் கிடந்தால் எவ்வளவு பெரிய வயல் அந்தப் பக்கம் இருந்தும் பயனில்லை. உங்கள் டிஸ்க்கில் நடுவில் கிடப்பது அந்த ரெக்கவரி பார்ட்டிஷன். க்ளோனிங் சாஃப்ட்வேர் பழைய எஸ்எஸ்டியில் எது எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் கொண்டுவந்து வைத்துவிட்டது, மிச்சம் எல்லாம் கடைசிக்குப் போய்விட்டது.

அது ஏன் சிக்குப் பின்னால் இருக்கிறது என்றால், விண்டோஸ் 10-இன் 2004 வெர்ஷனிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாஃப்ட்டே அதை அங்கே வைக்கிறது. பிற்காலத்தில் ரெக்கவரிக்கு இடம் போதவில்லை என்றால் சியிலிருந்து கொஞ்சம் சுருக்கி அதற்குக் கொடுக்கலாம் என்பது காரணம். 2024 ஜனவரியில் கேபி5034441 என்ற அப்டேட் நிறையப் பேருக்கு 0எக்ஸ்80070643 என்ற எரர் காட்டி நின்றது நினைவிருக்கலாம், அது ரெக்கவரி பார்ட்டிஷன் சிறியதாக இருந்ததால் வந்த பிரச்சினைதான். சியை 250 எம்பி சுருக்கி ரெக்கவரியைப் பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வழிமுறையே வெளியிட வேண்டியிருந்தது.

இப்போது உங்களுக்கு இரண்டு வழி. முதல் வழி, சியைத் தொடாமல் அந்தக் கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து ஒரு டி டிரைவை உருவாக்கிவிடுவது. படம், வீடியோ, ப்ராஜெக்ட் ஃபைல்கள் வைக்கத்தான் இடம் வேண்டும் என்றால் இதுவே போதும், இருக்கிற எந்த டேட்டாவும் இதில் நகர்வதில்லை. நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இல்லை, சி ஒரே பெரிய டிரைவாகத்தான் வேண்டும் என்றால் ரெக்கவரி பார்ட்டிஷனை டிஸ்க்கின் கடைசிக்கு நகர்த்த வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்கு நகர்த்தத் தெரியாது, நீட்டவும் சுருக்கவும் மட்டும்தான் தெரியும். ஜிபார்ட்டெட் லைவ் என்ற இலவச சாஃப்ட்வேரை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். அதற்கு முன் விண்டோஸுக்குள் இருக்கும்போதே இரண்டு வேலை முடிக்க வேண்டும். டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் சஸ்பெண்ட் செய்யுங்கள். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ரீஏஜென்ட்' என்ற சொல்லோடு 'சி' என்ற எழுத்தை ஒட்டி, இடைவெளி விட்டு, 'ஸ்லாஷ் டிசேபிள்' கொடுங்கள். இது ரெக்கவரிக்கான ஃபைலைப் பத்திரமாக சி டிரைவுக்குள் கொண்டுவந்துவிடும். ஜிபார்ட்டெட்டில் அந்தச் சிறிய பார்ட்டிஷனை வலது ஓரத்துக்கு இழுத்து அப்ளை கொடுங்கள், 1 ஜிபிகூட இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். திரும்ப விண்டோஸுக்கு வந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் தெளிவாகத் தெரியும். நீட்டி முடித்ததும் அதே கமாண்டை 'எனேபிள்' என்று மாற்றிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.

ரெக்கவரியை டெலிட் செய்துவிட்டாலே வேலை முடிந்தது என்று யூடியூபில் சொல்வார்கள். செய்தாலும் லேப்டாப் ஓடத்தான் செய்யும். என்றைக்காவது விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும்போதுதான் அந்த ரிப்பேர் திரை வராது, அன்றைக்கு உங்களுக்கு செமஸ்டர் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளாகவும் இருக்கலாம். 700 எம்பிக்காக இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி 97.6 ஜிபி, மீதி டியும் இயும். சி எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. டியில் இருந்ததை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு டியை டெலிட் செய்தேன். சிக்கு ஒட்டியே இடம் காலியாக இருக்கிறது, இருந்தும் நீட்ட முடியவில்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அந்த 97.6 பற்றி. கடையில் விண்டோஸ் போட்டவர் அளவு கேட்ட பெட்டியில் 100000 என்று அடித்திருக்கிறார், அது எம்பி கணக்கு. 1024-ஆல் வகுத்தால் 97.6 ஜிபி. அந்தக் காலத்து விண்டோஸுக்கு அது தாராளம், இன்றைக்கு அப்டேட்டுகளே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். டி இருந்த இடம் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு என்றால் அது யாருக்கும் சொந்தமில்லாத இடம், சி எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பச்சையாக இருக்கும், மேலே 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் ஒரு டிஸ்க்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான் போட முடியும், அதைத் தாண்டுவதற்காக ஒன்றை எக்ஸ்டெண்டட் என்று ஆக்கி அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களைப் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் டியும் இயும் அப்படி ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தவை. டியை இடித்தீர்கள், காம்பவுண்டுச் சுவர் அப்படியே நிற்கிறது, சி அந்தச் சுவருக்கு வெளியே இருக்கிறது.

இயில் இருப்பதையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்ததில் நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள். அப்புறம் இயை டெலிட் செய்து, மிஞ்சும் பச்சை இடத்தையும் ஒரு தடவை டெலிட் செய்தால் முழுவதும் கறுப்பாகிவிடும். சியை வேண்டிய அளவுக்கு நீட்டி, மிச்சத்தில் புது டிரைவ் ஒன்று போட்டு ஃபைல்களைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இயை அழிக்காமலே ஜிபார்ட்டெட்டில் எக்ஸ்டெண்டட்டின் இடது எல்லையை மட்டும் வலப்பக்கம் தள்ளவும் முடியும், அதற்கும் இயின் காப்பி வெளியே இருந்தாக வேண்டும். வயதான டிஸ்க் என்பதால் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு அதன் ஆரோக்கியத்தையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கில் பழுதான இடங்களைக் கணக்கிடும் ரீஅலொகேட்டட், பென்டிங் என்ற இரண்டு வரிகளில் எண்கள் ஏறியிருந்தால் பார்ட்டிஷன் வேலையே வேண்டாம், காப்பி எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

கேள்வி: உங்களுக்கு எழுதும் இந்த நேரத்தில் என் சி டிரைவில் 180 ஜிபி காலி. அதில் 100 ஜிபி பிரிக்கலாம் என்று 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் 12 ஜிபிக்கு மேல் தர மாட்டேன் என்கிறது. டிஃப்ராக் செய்தும் பார்த்தேன், மாற்றமில்லை. (திருநெல்வேலி வாசகி)

பதில்: 180 ஜிபி காலி என்பது உண்மைதான், ஆனால் அது ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் இல்லை. டிரைவைச் சுருக்குவது என்றால் அதன் வலது எல்லையை இடப்பக்கம் கொண்டுவருவது, அந்த வழியில் இருக்கும் ஃபைல்களையெல்லாம் விண்டோஸ் முதலில் உள்ளே தள்ளிவைக்க வேண்டும். சாதாரண ஃபைல்களைத் தள்ளிவிடும். சில ஃபைல்களை அது ஓடிக்கொண்டிருக்கும்போது அசைக்கவே முடியாது, அப்படி ஒன்று டிரைவின் கடைசிப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எல்லை அதோடு நின்றுவிடும். பஸ் முழுக்க காலியாக இருந்தும் கடைசி சீட்டில் ஒருவர் எழுந்திருக்காமல் இருக்கிற மாதிரி.

யார் அந்தக் கடைசி சீட்காரர் என்று விண்டோஸே எழுதிவைக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. ஷ்ரிங்க் கொடுத்துப் பார்த்த உடனே ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் என்பதற்குள் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். நகர்த்த முடியாத கடைசி ஃபைலின் பெயர் அதில் இருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அணைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் ஹைபர்னேட் ஆகும்போது ரேமில் இருப்பதைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் ஃபைல் என்றால், கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு 'ஸ்லாஷ் ஹெச்', மறுபடி இடைவெளி விட்டு 'ஆஃப்' கொடுங்கள். உங்கள் ரேம் அளவில் கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு டிரைவில் இடம் பிடித்திருக்கும் அந்த ஃபைல் அப்போதே போய்விடும். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் என்றால் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் வர்ச்சுவல் மெமரிக்குப் போய் 'நோ பேஜிங் ஃபைல்' வைத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டர் பெயர் வந்தால் அது ரெஸ்டோர் பாயின்ட்டுகள், சிஸ்டம் புரொடெக்ஷனில் போய் அழித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஷ்ரிங்க் கொடுத்துப் பாருங்கள், 12 என்பது திடீரென்று 90, 110 என்று ஏறலாம். வேலை முடிந்ததும் அணைத்ததையெல்லாம் திரும்பப் போட்டுவிடுங்கள். முக்கியமாக பேஜ் ஃபைல், அது இல்லாமல் நாலு டேப் திறந்தாலே சில கம்ப்யூட்டர்கள் திணறும்.

அளவு கேட்கும்போது எம்பியில் கேட்கும். 100 ஜிபி வேண்டுமென்றால் 102400.

அந்தப் பதிவில் இருக்கும் ஃபைல் பெயர் டாலர் குறியோடு ஆரம்பித்தால் அது விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் தன் சொந்தக் கணக்குக்காக வைத்திருக்கும் ஃபைல். அப்போது மேலே சொன்ன எதுவும் உதவாது, வெளியிலிருந்து பூட் செய்து ஜிபார்ட்டெட்டில்தான் சுருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கடைக் கணக்கு முழுக்க டி டிரைவில் டேலியில் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷன் சாஃப்ட்வேரில் டியின் ஆரம்பத்தை நகர்த்தி சிக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இப்போது டியைத் திறந்தால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஃபைல் சிஸ்டம் 'ரா' என்று காட்டுகிறது. டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடவில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. (மதுரை வாசகர்)

பதில்: படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. முதலில், ஃபார்மேட் கேட்டால் கேன்சல் கொடுங்கள், எத்தனை தடவை கேட்டாலும். அந்த கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. செக்டிஸ்க் ஓடாதது உங்கள் நல்ல நேரம். பாதி நகர்ந்த டிரைவில் அது ஓடியிருந்தால், மீட்கக்கூடியதையும் கிழிந்த தாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கும்.

அப்புறம் மீட்பு வேலைக்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி தாக்கலுக்காக அனுப்பிய டேலி பேக்கப் அவர் மெயிலிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும். கணக்கு எழுத வருபவரின் பென் டிரைவ், உங்கள் பழைய வாட்ஸ்அப் அட்டாச்மென்ட், எதையும் விடாதீர்கள். மூன்று மாதப் பழைய காப்பி கிடைத்தால்கூட பில்களை வைத்து மூன்று மாதத்தைத் திரும்ப எழுதிவிடலாம்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, ஒரு டிரைவின் ஆரம்பத்தை நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் மொத்த டேட்டாவையும் கொஞ்சம் கொஞ்சமாக வேறிடத்துக்குக் காப்பி எடுப்பது. மணிக்கணக்கில் ஆகும். நடுவில் நின்றால் ஒரு பாதி புது இடத்திலும் மறுபாதி பழைய இடத்திலும் இருக்கும். கரண்ட் போனது அந்தக் காப்பி வேலை தொடங்குவதற்கு முன்னாலோ முடிந்த பிறகோ என்றால் எந்த பார்ட்டிஷன் எங்கே என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிள் மட்டும்தான் குழம்பியிருக்கும், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச சாஃப்ட்வேர் சரியான எல்லையைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் போயிருந்தால் கடினம். எந்த நிலையாக இருந்தாலும் முதல் வேலை, அந்த டிஸ்க்கை அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு செக்டர் செக்டராக முழுக் காப்பி எடுப்பது, பிறகு சோதனை எல்லாவற்றையும் அந்தக் காப்பியில் செய்வது. ஃபோட்டோரெக் போன்ற மீட்பு சாஃப்ட்வேர்கள் படங்களை நன்றாகத் தேடித் தரும், ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் தரும். பல ஃபைல்கள் சேர்ந்து ஒரு ஃபோல்டராக இருந்தால்தான் பயன்படும் டேலி டேட்டாவுக்கு அது போதாது. எங்குமே காப்பி கிடைக்கவில்லை என்றால் டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டு போங்கள், கொடுக்கும்போது 'நகர்த்தும்போது பாதியில் நின்றது' என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெருமுனைக் கடையில் கொடுத்து 'ஒரு தடவை ஃபார்மேட் செய்துவிட்டு சாஃப்ட்வேர் போட்டு எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இதே வேலையை யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்களுக்கு: டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷனை நகர்த்தாதீர்கள், இருக்கும் யூபிஎஸ்ஸும் பேட்டரி போய் பத்து நிமிடம்தான் தாங்கும் என்றால் அதுவும் இல்லாத கணக்குதான். லேப்டாப் என்றால் முழு சார்ஜோடு ப்ளக்கிலும் இருக்கட்டும்.

கேள்வி: விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் வைத்திருக்கிறேன். உபுண்டுவுக்கு 25 ஜிபிதான் கொடுத்திருந்தேன், நிறைந்துவிட்டது. விண்டோஸில் சியைச் சுருக்கி 60 ஜிபி எடுத்தேன். ஜிபார்ட்டெட்டில் உபுண்டு பார்ட்டிஷன் பக்கத்தில் சாவிப் படம் இருக்கிறது, இழுக்க முடியவில்லை. (பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: சாவி என்றால் அந்த பார்ட்டிஷன் இப்போது உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் உபுண்டுவுக்குள் இருந்துகொண்டே உபுண்டுவை நகர்த்தப் பார்க்கிறீர்கள். இன்ஸ்டால் செய்த அதே பென் டிரைவில் பூட் செய்து 'ட்ரை உபுண்டு' கொடுத்து அங்கிருந்து ஜிபார்ட்டெட்டைத் திறங்கள். அங்கேயும் ரேமுக்குத் துணையாக இருக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் மேல் சாவி தெரிந்தால், லைவ் சிஸ்டம் அதைத் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது, ரைட் கிளிக்கில் 'ஸ்வாப்ஆஃப்' கொடுத்தால் விட்டுவிடும்.

உபுண்டுவின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 வலது பக்கம் வளர்வதாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். உங்கள் 60 ஜிபி சிக்கும் உபுண்டுவுக்கும் நடுவில், அதாவது உபுண்டுவுக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஆரம்பத்தை நகர்த்த வேண்டும், மதுரை வாசகருக்குச் சொன்ன அதே ஆபத்து இதிலும் உண்டு. பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறாது என்பதால் நகர்த்திய பிறகும் பொதுவாக பூட் ஆகும். ஆனால் 60 ஜிபியில் புதிதாக ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போட்டு, ஹோம் ஃபோல்டரை அங்கே மாற்றிவிடுவது எனக்கு நல்லதாகப் படுகிறது. நிறைத்திருப்பது பெரும்பாலும் உங்கள் ஃபைல்களாகத்தான் இருக்கும், அவை போனாலே 25 ஜிபி சிஸ்டத்துக்கு ஓரளவு போதும்.

டெர்மினலில் செய்பவராக இருந்தால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். வளர்க்கும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு ஃபைல் சிஸ்டம். சுருக்கும்போது மாற்றிச் செய்தால் ஃபைல் சிஸ்டத்தின் வால் வெட்டுப்பட்டுவிடும். விண்டோஸ் பக்கம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்து முழுதாக ஷட்டவுன் செய்த பிறகே இதெல்லாம். அது ஆனில் இருந்தால் விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது, அந்த நிலையில் என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸிலிருந்து தொடக் கூடாது.

கேள்வி: எனக்கு சி எஸ்எஸ்டியில், டியும் இயும் தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில். டியிலிருந்து சிக்கு 100 ஜிபி மாற்ற முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முடியாது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இடது ஓரத்தில் எழுதியிருப்பது தனித்தனிப் பொருள்கள், ஒன்றின் இடத்தை இன்னொன்றில் இருக்கும் சிக்குக் கொடுக்க வழியில்லை. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களின் ப்ராபர்ட்டீஸில் லொகேஷன் டேபுக்குப் போய் டிக்கு மாற்றுங்கள், பாதிப் பாரம் குறையும். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: டியை இ இருக்கும் டிஸ்க்கின் காலி இடத்துக்குள் நீட்டப் பார்த்தால் விண்டோஸ் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று கேட்கும். நோ கொடுங்கள். யெஸ் கொடுத்தால் ஒரு டிரைவ் இரண்டு டிஸ்க்குகளில் படுத்திருக்கும், இரண்டில் எது பழுதானாலும் மொத்தமும் போகும்.

கேள்வி: பார்ட்டிஷனை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த பாஸ்வேர்டும் போடவில்லையே? (கோவை வாசகி)

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்யும் புது லேப்டாப்கள் பலவற்றில் டிரைவ் தானாகவே பிட்லாக்கரால் என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, விண்டோஸ் 11-இன் 24எச்2 வெர்ஷனிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பயப்படாதீர்கள், ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தொட்டால் ரெக்கவரி கீ இருக்கும். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு எண்ணை அடியுங்கள். வீட்டில் லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்தது மகனோ தம்பியோ என்றால் அவர் கணக்கில்தான் கீ இருக்கும், அங்கேயும் தேடச் சொல்லுங்கள். உள்ளே போனதும் அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள், லேப்டாப் பையில் வேண்டாம்.